பட்டியலுக்கு வெளியே ஒலித்த பிடில்

எழுத்தில் ஏறியதே வரலாறு என்று கொள்ளும் பழக்கம் இலக்கியம் பயில்வோரிடையே உண்டு. இருபதாம் நூற்றாண்டு இசையில் எழுத்தின் இடத்தை இசைத்தட்டு பிடித்துக்கொண்டது. தட்டில் ஏறாத இசை, நாளடைவில் இருந்ததே இல்லை என்றாயிற்று. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் வாசித்துவந்த பழைய பிடில் மெட்டுகளுக்கு நேர்ந்தது இதுவே.

'பழங்கால இசை' என்று அந்நாட்டார் வழங்கும் இம்மரபில் பிடிலும் பாஞ்சோவும் இணைபிரியாதவை. பிடில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளோடு கடல் கடந்தது. பாஞ்சோவோ, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய மேற்கு ஆப்பிரிக்கக் கருவிகளின் வழித்தோன்றல். தாமஸ் ஜெபர்சன் 1780களில் வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய நூலிலேயே, அது ஆப்பிரிக்கர் கொண்டுவந்த கருவி எனக் குறித்திருக்கிறார். பிடிலும் வெள்ளையர் கையோடு நின்றுவிடவில்லை. பண்ணை மாளிகை நடனங்களுக்கு வாசித்தவர்களில் அடிமைகள் பலர். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரக் கோரிய அக்காலப் பத்திரிகை விளம்பரங்களில், அங்க அடையாளங்களோடு பிடில் வாசிக்கும் திறமையும் குறிக்கப்பட்டிருக்கும். அடிமைத்தளையில் பன்னிரண்டு ஆண்டுகள் வாடி, 1853இல் தம் கதையை நூலாக வெளியிட்ட சாலமன் நார்த்தப் பிடில் கலைஞரே.

இம்மெட்டுகளில் பெரும்பாலானவை இரு பகுதிகள் கொண்டவை. ஒன்று தாழ்ந்தும் மற்றொன்று உயர்ந்தும் செல்லும். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, மீண்டும் முதலுக்குத் திரும்புவர். ஆடுவோரின் கால்கள் ஓயும்வரை இது தொடரும். தந்திகளை ஏ–ஈ–ஏ–ஈ எனச் சுருதி கூட்டுவதும் உண்டு. நம் கர்நாடக வயலினின் ச–ப–ச–ப அமைப்பும் இதுவேதான்! ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததன்று. ஆதாரச் சுருதி உடனொலிக்க வேண்டும் என்ற விருப்பம் இரு கண்டங்களிலும் ஒரே வழியைக் கண்டது. சுர எழுத்து இல்லை, பாடநூல் இல்லை. தந்தையின் வில்லைப் பார்த்து மகன் கற்றான். ஆகவே குடும்பமே குழுவாயிற்று.

1920இல் மாமி ஸ்மித் பாடிய புளூஸ் தட்டு பெருவாரியாக விற்றபின், கறுப்பினத்தவருக்கெனத் தனி விற்பனைப் பட்டியல்கள் தோன்றின. 1922இல் எக் ராபர்ட்சன் நியூயார்க்கிலும், 1923இல் ஜான் கார்சன் அட்லாண்டாவிலும் பிடில் பதிந்தனர். கார்சனின் தட்டு விற்ற வேகம் கண்டு, தென்பகுதி வெள்ளையருக்கு வேறொரு பட்டியல் பிறந்தது. ஒரு பட்டியலுக்குப் புளூஸ், மற்றதற்குப் பிடில். கறுப்பினப் பிடில்காரருக்கு இரண்டிலும் சரியான இடமில்லை. வணிகரின் வசதிக்காகப் போட்ட கோடு, பின்வந்தோர்க்கு வரலாறாகிவிட்டது என்பதே என் கருத்து.

அக்கோடு பொய் என்பதற்குத் தட்டுகளிலேயே சான்றுண்டு. ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ பாக்ஸ்டர் பிடிலும் அவர் மகன் ஜிம் கித்தாரும் வாசித்தனர், இருவரும் கறுப்பினத்தவர். 1927 ஆகஸ்டில் சார்லட் நகரில், ஜார்ஜியா யெல்லோ ஹாமர்ஸ் என்ற வெள்ளையர் குழுவின் தட்டொன்றில் ஆண்ட்ரூவே பிடில் வாசித்தார். இசையில் இல்லாத பிரிவு உறையிலும் பட்டியலிலும் இருந்தது. மிசிசிப்பியின் சாட்மன் குடும்பத்தார் 1930இல் மிசிசிப்பி ஷீக்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்றனர். அவர்களிடமும் பிடில் இருந்தது, ஆனால் தட்டுகளில் பெரும்பகுதி புளூஸ்தான். கறுப்புச் சாயம் பூசிய வெள்ளையர் பாஞ்சோவைக் கேலிக்கூத்தின் சின்னமாக்கியதும், அக்கருவியிலிருந்து அதற்குரியோரே விலகியதற்கு ஒரு காரணம்.

வட கரோலினாவின் மெபேன் ஊரை ஒட்டிய தாம்சன் குடும்பம் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1918இல் பிறந்த ஜோ தாம்சனின் பாட்டனாரும் தந்தையாரும் பிடில்காரர்கள். சிற்றப்பன் பெரியப்பன் வகையிலும் பாஞ்சோ உண்டு. சிறுவன் ஜோவின் கைக்கு வந்த முதற்பிடிலில் தந்தியில்லை. கொசுவலைக் கதவிலிருந்து கம்பியை உருவிக் கட்டிக்கொண்டான். அறுவடைக்குப்பின் அயலார் கூடிச் சோளக்கதிர் உரித்து, உண்டு, ஆடும் இரவுகளே அவர்களுடைய அரங்கு. கறுப்பர் வீட்டிலும் வெள்ளையர் வீட்டிலும் அவர்கள் வாசித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அத்தகைய ஆட்டங்கள் அருகின. போரிலிருந்து திரும்பிய ஜோ மரச்சாமான் தொழிற்சாலையில் உழைத்தார். பிடில் பெரும்பாலும் உறங்கியது.

1970களில் நாட்டாரியல் ஆய்வாளர் கிப் லார்னெல் தேடி வந்தபோதுதான், ஜோவும் பெரியப்பன்-சிற்றப்பன் மக்கள் முறையிலான ஓடெல் தாம்சனும் மீண்டும் சேர்ந்து மேடையேறத் தொடங்கினர். ஓடெல் 1994இல் சாலை விபத்தில் மாண்டார். பாஞ்சோ இல்லாப் பிடில் தனித்தது.

2005இல் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர் கூட்டமொன்று நடந்தது. அங்குச் சந்தித்த ரியானன் கிட்டன்ஸ், டாம் பிளமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய இளைஞர் மூவரும் ஜோவின் வீட்டுக்குச் சென்று, அவருடன் அமர்ந்து வாசித்தே கற்றனர். குருதி உறவில்லாதவர்க்கும் குடும்பக் கல்விமுறைதான்! கரோலினா சாக்லெட் டிராப்ஸ் என்று பெயர்சூட்டிக்கொண்ட அக்குழுவின் இசைத்தொகுப்பு 2011இல் கிராமி விருது பெற்றபோது ஜோ உயிரோடிருந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், தம் 93ஆம் வயதில் காலமானார்.