காயலாங்கடை என்சைமும் ஊறுகாய் சோதித்த அம்மணியும்

கவுட் வந்தவங்க வீட்டுல அலோப்யூரினால்னு ஒரு மாத்திரை இருக்கும். அது புற்றுநோய் ஆராய்ச்சியில பொறந்த மாத்திரைன்னு சொன்னா நம்புவீங்களா? அந்தக் கதைதான் இது.

முதல்ல கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, சுருக்கமாத்தான். டிஎன்ஏவை எழுதுற எழுத்துக்கள்தான் நியூக்ளியோடைடுகள். அதுல ப்யூரின் வகையை முதல்ல இருந்து செய்ய உடம்புக்குப் பத்து படிகள் வேணும். எரிசக்தியும் ஏகப்பட்டது செலவாகும். அதனால பழைய செல்கள் உடையும்போது கிடைக்கிற ப்யூரின்ல பெரும்பகுதியை எச்ஜிபிஆர்டி-ங்கிற என்சைம் ஒரே படியில மறுபடி நியூக்ளியோடைடு ஆக்கிடும். நம்ம ஊர் காயலாங்கடை மாதிரி! அங்கேயும் விலை போகாததை ஸாந்தைன் ஆக்ஸிடேஸ்ங்கிற இன்னொரு என்சைம் யூரிக் அமிலமா மாத்தி வெளியே தள்ளும். அது தேங்கினாத்தான் கவுட்.

இனி நம்ம நாயகி. கெர்ட்ரூட் எலியன், 1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 15 வயசுல தாத்தா வயித்துப் புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து, அறிவியல்தான் படிக்கணும்னு முடிவு செய்தார். 1937-ல் பட்டம் வாங்கியும், பெண் என்பதால் ஆய்வகங்கள் கதவைத் திறக்கலை. பள்ளியில் பாடம் நடத்தினார், ஒரு உணவுக் கம்பெனியில் ஊறுகாயோட புளிப்பை சோதிச்சார். 1944-ல்தான் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அவரை வேலைக்குச் சேர்த்தார்.

இருவரோட யோசனை எளிமையானது. வேகமாப் பெருகுற செல்லுக்கு எழுத்துக்கள் நிறைய வேணும். அசல் மாதிரியே இருக்கிற போலி எழுத்தைக் கொடுத்தா? 1951-ல் எலியன் செய்த 6-மெர்காப்டோப்யூரின் அப்படி ஒரு போலி. ஹைப்போஸாந்தைன்ல ஒரு ஆக்ஸிஜன் இருக்கிற இடத்துல கந்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். எச்ஜிபிஆர்டி ஏமாந்து அதையும் நியூக்ளியோடைடு ஆக்கிடும். செல் பெருகுறது நின்னுடும். லுக்கேமியா வந்த குழந்தைகள் சில மாசத்துலயே இறந்துகொண்டிருந்த காலம் அது. 1953-ல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைச்சது. பல குழந்தைகளுக்கு நோய் அடங்கியது. ஆனா திரும்பியும் வந்தது. மற்ற மருந்துகளோட சேர்த்துக் கொடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் நிரந்தர குணம் சாத்தியமாச்சு.

இன்னொரு சிக்கல்: ஸாந்தைன் ஆக்ஸிடேஸ் இந்த மருந்தையும் குப்பைன்னு நினைச்சு உடைச்சுடும். அதைத் தடுக்கக் கொண்டுவந்ததுதான் அலோப்யூரினால். மருந்தோட வீரியம் கூடுச்சு, கூடவே நச்சும் அதே அளவு கூடுச்சு. ஆனா நோயாளிகளோட யூரிக் அமிலம் சரசரன்னு இறங்கியது! 1966-ல் அது கவுட் மருந்தாவே வந்துடுச்சு.

காயலாங்கடையே இல்லைன்னா என்ன ஆகும்? 1964-ல் மைக்கேல் லெஷ், வில்லியம் நைஹன் இருவரும் ஒரு வியாதியை விவரிச்சாங்க. யூரிக் அமிலம் எக்கச்சக்கம். பிள்ளைகள் தங்கள் உதட்டையும் விரலையும் தாங்களே கடிச்சுக் குதறிக்கிறாங்க. காரணம் எச்ஜிபிஆர்டி இல்லாததுன்னு 1967-ல் தெரிஞ்சது. அலோப்யூரினால் இவங்களோட சிறுநீரகத்தைக் காப்பாத்தும், கடிக்கிறதை நிறுத்தாது. மூளைக்குள்ள அந்த என்சைம் என்ன செய்யுதுங்கறது இன்னும் முழுசாப் பிடிபடலை.

எலியனுக்கும் ஹிட்சிங்ஸுக்கும் 1988-ல் நோபல் பரிசு, ஜேம்ஸ் பிளாக்கோட சேர்த்து. எலியன் ஆய்வுப் படிப்பை முடிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவர் இல்லைங்க. கிடைச்சதெல்லாம் கௌரவப் பட்டங்கள்தான்.

கடைசியா ஒண்ணு. சிறுநீரக மாற்று செய்தவங்க சாப்பிடுற அசத்தியோப்ரின், உடம்புக்குள்ள மெர்காப்டோப்யூரினாத்தான் மாறும். அதோட அலோப்யூரினாலும் சேர்ந்தா எலும்பு மஜ்ஜையே படுத்துடும். ரெண்டும் தேவைப்பட்டா டாக்டர்கள் முதல் மருந்தை மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்குன்னு குறைச்சுடுவாங்க. அதனால கவுட்டுக்கு வேற டாக்டர்கிட்ட போனாலும், வீட்டுல இருக்கிற மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.