53 வயசுல காதல் கதை வெளியிட்ட முன்சீப்

போன மாசம் என்னோட முதல் நாவல் அச்சாகி வந்துச்சு. மாத நாவல் சைஸ். அட்டையில ஒரு பொண்ணு ஜன்னல் வழியா எங்கேயோ பார்த்துக்கிட்டு நிக்கிறா. முழுக்க முழுக்கக் காதல் கதை. எனக்கு வயசு 61. அட்டையில இருக்கிற பேர் மட்டும் என்னுது இல்லை. பயந்துக்கிட்டு புனைபெயர்ல அனுப்பிட்டேன் :-)

வீட்டுல விஷயம் தெரிஞ்சதும் நாத்தனார் கேட்டாங்க, "ஏன் அண்ணி, பேரன் எடுத்த வயசுல உங்களுக்குக் காதல் கதை கேக்குதா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். ராத்திரி மட்டும் தூக்கம் வரலை. இப்ப பதிப்பாளர், "ரெண்டாவது கதைக்கு உங்க பேரே போட்டுடலாமே மேடம்"னு கேட்கிறார். ஒரு வாரமா பதில் சொல்லாம இழுத்துக்கிட்டிருக்கேன்.

அந்தக் குழப்பத்துலதான் அலமாரியில இருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். எங்க வீடு யானைக்கவுனியில. கவுனின்னா கோட்டை வாசல். அந்தக் காலத்துல ஊரைச் சுத்திச் சுவர் கட்டி, அந்தச் செலவுக்கு வரி போடப் பார்த்தாங்களாம். அந்தக் கதைதான் வால்டாக்ஸ் ரோடுங்கிற பேர்ல இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அந்த ரோட்டோடவே நடந்து சென்ட்ரலைத் தாண்டினா அப்ப மூர் மார்க்கெட். 1985-ல தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சே, அதேதான். எரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அங்க பழைய புத்தகக் கடையில பேரம் பேசி வாங்கினது இந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'.

தமிழின் முதல் நாவல்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்போம். எழுதினது மாயூரம் வேதநாயகம் பிள்ளை. வெளிவந்த வருஷம் 1879. ஒரு மார்க் கேள்வி, அதோட முடிஞ்சுது. ஆனா அவர் பிறந்த வருஷத்தை யாராவது பக்கத்துல எழுதிக் கழிச்சுப் பார்த்திருக்கோமா? 1826. அப்ப முதல் நாவல் வந்தப்போ அவருக்கு வயசு 53!

திருச்சி பக்கம் குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு முன்சீப் ஆனார். தரங்கம்பாடியில் இருந்தார், மாயவரத்தில் 13 வருஷம் இருந்தார். 1872-ல் வேலையை விட்டு ஓய்வு பெற்றார். சும்மா உட்காரவில்லை. 1876-78 பஞ்சத்தில் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்து 'நந்தன் சரித்திரக் கீர்த்தனை' எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் மேல் பாட்டே கட்டினார். நாவலுக்கு முன்பே நீதிநூல் எழுதியிருந்தார், பெண் கல்வி பற்றி எழுதியிருந்தார், சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்திருந்தார். இவ்வளவும் ஆன பிறகுதான், தமிழில் உரைநடைக் கதை இல்லையே என்று சொல்லி, பிரதாபன், ஞானாம்பாள் கதையை வெளியிட்டார்.

இன்னைக்கு ரமணிசந்திரன் நாவல் மாதிரி நினைச்சு எடுத்தா ஏமாந்து போவீங்க. நடுநடுவுல குட்டிக் கதை, நீதி, பிரசங்கம் எல்லாம் வரும். ஆனா எலும்புக்கூடு காதல் கதைதான். மாமன் மகள், அத்தை மகன் மாதிரி ஒண்ணா வளர்ந்த சொந்தம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது தகராறு. எதுக்குத் தெரியுமா? மாப்பிள்ளை பொண்ணு வீட்டோட வந்து இருக்கணுமா கூடாதாங்கிறதுக்கு! ஜாதகமும் இல்லை, வில்லனும் இல்லை. இதை ஒரு 20 வயசுப் பையன் யோசிச்சிருப்பானா? கோர்ட்ல உட்கார்ந்து குடும்ப வழக்கா கேட்ட மனுஷனுக்குத்தான் காதல் எந்த இடத்துல முட்டிக்கும்னு தெரியும்.

இன்னொண்ணு, கதை கல்யாணத்தோட முடியலை. அதுக்கப்புறம்தான் பிரிவு. பிரதாபன் வேற நாட்டுல போய் ஜெயில்ல மாட்டிக்கிறான். ஞானாம்பாள் ஆம்பளை வேஷம் போட்டுக்கிட்டுத் தேடிப் போறா. அந்த ஊர்ல ராஜா செத்துப்போய் வாரிசு இல்லை, யானை வந்து இவ கழுத்துல மாலை போட்டுடுது. ராஜாவாகிப் புருஷனை மீட்கிறா. (யானைக்கவுனிக்காரிக்கு இந்த இடம் பிடிக்காம இருக்குமா?) கல்யாணத்துக்கு அப்புறமும் ஒருத்தரை ஒருத்தர் தேட வேண்டியிருக்குங்கிறது அனுபவப்பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாவல் 'சுகுண சுந்தரி' 1887-ல் வந்தது. அறுபது வயசு ஆகியாச்சு. மனுஷன் விடலை!

இது தமிழ்ல மட்டும் நடந்த அதிசயமான்னு பார்த்தா, இல்லை. மலையாளத்தில் 'இந்துலேகா' 1889-ல் வந்தது. அதுவும் காதல் கதை, அதிலும் படித்த பெண்தான் நாயகி. எழுதின சந்து மேனோனுக்கு அப்போது 42 வயசு. அவரும் இதே சென்னை மாகாணத்தில் முன்சீப்! வீட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ் நாவலை வாய்மொழியா மலையாளத்தில் சொல்லிப் பார்த்து, டிஸ்ரேலியின் நாவல் ஒன்றை மொழிபெயர்க்கப் பார்த்து, சரிவராமல் சொந்தமாகவே எழுதிவிட்டார். அதே 1889-ல்தான் வேதநாயகம் பிள்ளை இறந்துபோனார்.

சீமையில் இன்னும் முன்னாடி, 1740-ல் 'பமேலா'. எழுதின சாமுவேல் ரிச்சர்ட்சன் லண்டனில் அச்சாபீஸ் நடத்தினவர். சாதாரண ஜனங்களுக்கு மாதிரிக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கச் சொல்லிப் புத்தக வியாபாரிகள் கேட்டார்கள். அந்த வேலை பாதியில் நிற்க, கடிதங்களாலேயே ஆன ஒரு நாவல் பிறந்தது. வயசு 51.

இளவயசுல எழுதினவங்க இல்லாம இல்லை. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதின ராஜமையர் 26 வயசுலயே போயிட்டார். அப்படி ஒரு மேதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனா தாமதமா வர்றவங்க வெறும் கையோட வர்றதில்லைங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. ஒருத்தருக்குத் தீர்ப்புக் கட்டு, இன்னொருத்தருக்கு அச்சாபீஸ்.

எனக்கு? பாரிமுனை கோர்ட்ல 31 வருஷம் டைப்பிஸ்ட். மனுதாரர், எதிர்மனுதாரர்னு அடிச்சு அடிச்சு விரல் தேய்ஞ்சவ. ஒரு நாள் மத்தியானம் ஒரு ஜீவனாம்ச மனுவை அடிச்சு முடிச்சுட்டு வெளியே வந்தா, அதே மனுதாரரும் எதிர்மனுதாரரும் வராண்டாவுல உட்கார்ந்து ஒரே டீயை ரெண்டு டம்ளர்ல பங்கு போட்டுக் குடிச்சிக்கிட்டிருக்காங்க. ஒரு வார்த்தை பேசிக்கலை. அவங்கதான் என் நாவல். 25 வயசுல அதைப் பார்த்திருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.

நேத்து நாத்தனார் வந்திருந்தாங்க. 1826, 1879 ரெண்டையும் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். "அவர் ஆம்பளை, முன்சீப்பு. யார் அண்ணி கேப்பாங்க?"ன்னாங்க. அதுவும் நியாயமான கேள்விதான். அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை. ஆனா போகும்போது, "அந்த டீ குடிச்சவங்க கடைசியில சேர்ந்தாங்களா இல்லையா?"ன்னு கேட்டு, புத்தகத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

இன்னைக்குக் காலையில பதிப்பாளருக்குப் போன் பண்ணிட்டேன். என் பேரே போடட்டும்.

உங்க வீட்டுலயும் எழுதி வச்சுட்டு வெளியே சொல்லக் கூச்சப்படுற பெரியம்மாவோ சித்தப்பாவோ இருந்தா, அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுக் காட்டுங்க.