புல்லட்டின் துடிப்பும் கையடக்க ஒலிப்பதிவும்

ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-இல் ஸ்விட்சர்லாந்தில் உருவாக்கிய, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க 'நாக்ரா' நாடாப் பதிவுக்கருவி, ஒலிப்பதிவைக் கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்த அதே பத்தாண்டில், 1955-இல் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைத் தயாரிக்கத் தொடங்கியது.

70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குவதாலும், எஞ்சினின் சுழல்தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறையே எரிபொருள் வெடிப்பதாலும், புல்லட்டின் துடிப்புகள் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே கேட்டன. 2010-ஐ ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றபோது, வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகளின் கடகடப்பும் (பழுதென்று பலர் கருதிய அதுவே அவ்வொலியின் பாதி அழகு) பெரிதும் அடங்கிவிட்டது.

ஆகவே பெருநிறுவன ஆதரவின்றிச் சிறு குழுக்கள் படைக்கும் 'இண்டி' கணினி விளையாட்டில் அப்பழைய ஒலி வேண்டுமெனில், பழைய வண்டி ஒன்றின் புகைபோக்கியையும் எஞ்சினையும் பல வேகங்களில் கையடக்கக் கருவியால் தனித்தனியே பதிந்து, ஆடுபவர் முறுக்கும் ஆக்சிலரேட்டருக்கேற்ப அவற்றை மென்பொருளில் இணைக்க வேண்டியுள்ளது.