உழைப்பாளர் சிலைக்கு நின்றவர்கள்

நம் அருணாசலேசுவரர் கோயில் தூண்களில் உள்ள உருவங்களைச் செதுக்க, சிற்பியின் முன்னால் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஸ்தபதிக்குத் தாளக் கணக்கு போதும். முகத்தின் நீளம் ஒரு தாளம். உருவத்தின் தகுதிக்கேற்ப எட்டு, ஒன்பது, பத்து தாளம் என்று உயரம் வகுத்துக்கொள்வார்கள்.

ஓர் ஆளை நிறுத்திவைத்து, அவர் உடலைப் பார்த்து வரையும் பயிற்சி ஐரோப்பியக் கலைப்பள்ளிகளின் வழியே நமக்கு வந்தது. சென்னையில் அப்படியொரு பள்ளியை 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். 1929-இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

மெரினா கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளும் காட்சி. இதற்கு மாடலாக நின்றவர்கள் இருவர்: கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவர், மாணவர் ஒருவர். இரவெல்லாம் காவல் காக்கும் மனிதரின் உடலைத்தான் சிற்பி உழைப்பின் அடையாளமாகத் தேர்ந்தெடுத்தார்.

பிரான்சிலும் இப்படி ஒரு கதை உண்டு. சிற்பி ரொதேன் 'வெண்கல யுகம்' என்ற சிலைக்கு ஒகுஸ்த் நெய்ட் என்ற பெல்ஜிய நாட்டுப் படைவீரரை நிறுத்திவைத்தார். 1877-இல் சிலையைக் கண்டவர்கள், 'இது செதுக்கியதல்ல, ஆளின் மேலேயே அச்செடுத்தது' என்று பழி சொன்னார்கள். நெய்ட்டின் புகைப்படங்களைக் காட்டி மறுக்கவேண்டியதாயிற்று. அதனால் அந்த வீரரின் பெயர் சரித்திரத்தில் தங்கிவிட்டது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் இத்தொழில் செய்பவரை 'மொதேல்' என்பார்கள். வகுப்பில் முன்மாதிரியான மாணவனைப் புகழவும் அதே சொல்தான். நம் நாட்டிலோ, குறிப்பாகப் பெண்கள், இந்த வேலையை அக்கம்பக்கத்தாரிடம் மறைத்தே செய்ய வேண்டியிருந்தது. மும்பைக் கலைக்கல்லூரியில் நிற்கும் ஏழைத்தாய் ஒருத்தியின் கதையைச் சொல்லும் 'நியூட்' என்ற மராத்திப் படம் 2018-இல் வெளிவந்தது. அதிலும் பிள்ளையின் படிப்புக்காகச் செய்யும் வேலையை அந்தப் பிள்ளையிடமே ஒளிக்கிறாள்.

ஒரே நிலையில் நின்று பார்த்தால் தெரியும். சற்று நேரத்தில் கால் மரத்துவிடும், முதுகு வலிக்கும். அதற்கு வாங்கும் கூலி, கல்லுடைத்து வாங்கும் கூலிக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல. அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சிலையைக் காட்டுங்கள். செய்தவர் பெயரோடு, நின்றவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.