காட்ஸ்வோல்ட்ஸ் மிதிவண்டி வழிகள்

காட்ஸ்வோல்ட்ஸ் மிதிவண்டி வழிகள் என்பவை, இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரிலும் ஆக்ஸ்போர்டுஷயரிலும் அவற்றை ஒட்டியும் பரந்துள்ள காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப்பகுதியின் சிறு சாலைகளை இணைத்து மிதிவண்டியோட்டிகள் மேற்கொள்ளும் பயண வழிகள் ஆகும். இவ்வழிகளில் பெரும்பாலானவற்றுக்கெனத் தனிப்பாதை எதுவும் அமைக்கப்படவில்லை. மகிழுந்துகளும் உழவு இயந்திரங்களும் குதிரைகளும் செல்லும் அதே ஊரகச் சாலைகளே இவை. எனவே எந்தச் சாலையைத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கு பயணத்தின் இன்பத்தையும் பாதுகாப்பையும் முடிவு செய்கிறது. இப்பகுதி 1966இல் சிறப்பான இயற்கை எழில் வாய்ந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர்.

நிலவமைப்பு

காட்ஸ்வோல்ட்ஸ், சுராசிக் காலச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பலகை ஒன்றின் ஒரு முனையைச் சற்றே தூக்கி வைத்தாற்போல, இக்கற்படுகை வடமேற்கில் உயர்ந்தும் தென்கிழக்கில் தாழ்ந்தும் கிடக்கிறது. உயர்ந்த விளிம்பு செங்குத்தான சரிவாக முடிகிறது. இவ்விளிம்பிலுள்ள கிளீவ் குன்று (330 மீட்டர்) இப்பகுதியின் மிக உயர்ந்த இடம். மறுபுறம் நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்து தேம்சு ஆற்றை நோக்கிச் செல்கிறது. விண்ட்ரஷ், ஈவன்லோடு, கோல்ன், லீச் ஆகிய சிற்றாறுகள் இம்மென்சரிவைக் குடைந்து இணையான பள்ளத்தாக்குகளை உருவாக்கியுள்ளன.

மிதிவண்டியோட்டி அறிய வேண்டியது இந்த அமைப்பைத்தான். பள்ளத்தாக்கின் நெடுகே செல்லும் சாலை எளிதானது. பள்ளத்தாக்குகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சாலையில் இறங்கிய உயரத்தையெல்லாம் மீண்டும் ஏற வேண்டும். தொலைவில் இருந்து பார்க்கையில் மென்மையாகத் தோன்றும் நிலம், மாலைக்குள் கால்களைக் களைப்படையச் செய்வது இதனால்தான். ஒவ்வொரு ஏற்றமும் 60 மீட்டர்தான் என்றாலும், பத்து ஏற்றங்களில் அது 600 மீட்டர் ஆகிவிடும்.

100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையில், ஓட்டியும் வண்டியுமாக 85 கிலோகிராமை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, காற்றுத்தடையும் உராய்வும் நீங்கலாகவே ஏறத்தாழ 185 வாட் திறன் தேவை. பயிற்சி இல்லாதவரால் இதை நெடுநேரம் தர இயலாது. மணிக்கு 5 கிலோமீட்டராகக் குறைத்தால் 115 வாட் போதும். ஆகவே விலையுயர்ந்த வண்டியைவிட, மெதுவாகவும் சீராகவும் மிதிக்க இடமளிக்கும் சிறிய கியர் உள்ள வண்டியே இங்கு பயன்படும்.

சாலைகள்

பிரித்தானியாவில் முதன்மைச் சாலைகள் 'ஏ' என்ற எழுத்தையும், அடுத்த நிலைச் சாலைகள் 'பி' என்ற எழுத்தையும் கொண்ட எண்களால் குறிக்கப்படுகின்றன. மிதிவண்டிக்கு உகந்தவை பெயர்ப்பலகையில் எண்ணே இல்லாத சாலைகள். எடுத்துக்காட்டாக, மோர்ட்டன்-இன்-மார்ஷ், ஸ்டோ-ஆன்-த-வோல்டு ஆகிய ஊர்களின் வழியே செல்லும் ஏ429 சாலை, உரோமானியர் அமைத்த பாஸ் வே என்னும் நெடுஞ்சாலையின் தடத்தில் அமைந்தது. வரைபடத்தில் இதுவே நேரான, குறுகிய வழியாகத் தோன்றும். ஆனால் விரைந்தோடும் வண்டிகள் மிகுந்த இச்சாலையைக் கடந்து செல்லலாமே தவிர, இதன் வழியே செல்வது விரும்பத்தக்கதன்று.

ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:50,000 அளவு வரைபடங்களில் 10 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு வரையப்பட்டிருக்கும். சாலையின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 விழுக்காடு. இரண்டு இருந்தால் அதற்கும் மேல். இரட்டை அம்புக்குறியைக் கண்டால் வேறு வழி தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு வழி

ஆக்ஸ்போர்டு - வூஸ்டர் தொடர்வண்டிப் பாதையில் அடுத்தடுத்த நிலையங்களான கிங்கம், மோர்ட்டன்-இன்-மார்ஷ் ஆகிய இரண்டையும் தொடக்கமாகவும் முடிவாகவும் கொண்டு, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள வழி ஒன்றை அமைக்கலாம். கிங்கமில் இருந்து பிளெடிங்டன், ஐகோம், விக் ரிசிங்டன் ஊர்கள் வழியாகப் போர்ட்டன்-ஆன்-த-வாட்டரை அடையலாம். விண்ட்ரஷ் ஆறு இவ்வூரின் நடுவே தாழ்ந்த கற்பாலங்களின் கீழ் ஓடுகிறது. கோடையில் கூட்டம் மிகுதி. அடுத்து வருபவை லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என்னும் சிற்றூர்கள். ஆங்கிலத்தில் கொலை என்று பொருள்படும் சொல் போல ஒலித்தாலும், இப்பெயர் சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது.

இதன் பின் நான்டன், கைட்டிங் பவர், போர்டு, கட்ஸ்டீன், டாடிங்டன் எனச் சாலை பெரும்பாலும் விண்ட்ரஷ் ஆற்றின் போக்கிலேயே, அதன் ஊற்றுக்கண்ணை நோக்கி மேலேறுகிறது. ஊர்கள் சிறியவை, இடையே தேன்நிறக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய சுவர்களும் ஆட்டு மேய்ச்சல் நிலங்களும். டாடிங்டனுக்கும் ஸ்னோஸ்ஹில்லுக்கும் இடையில் நீர்ப்பிரிமேடு கடக்கப்படுகிறது. தென்கிழக்கே விழும் மழை தேம்சு வழியாக வடகடலையும், வடமேற்கே விழும் மழை ஏவன், செவர்ன் ஆறுகள் வழியாகப் பிரிஸ்டல் கால்வாயையும் சேரும். மேட்டைக் கடந்து ஸ்னோஸ்ஹில்லை அடைந்ததும், பிராட்வே ஊர் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் இறக்கம். இவ்வழியில் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால் இதனையே சொல்ல வேண்டும். எனினும் வளைவுகளில் எதிர்வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. இறங்கிய உயரத்துக்கான விலை, வெஸ்டன்-சப்-எட்ஜில் இருந்து டோவர் குன்றின் மீது ஏறும்போது கொடுக்கப்படுகிறது. அப்பால் சிப்பிங் கேம்ப்டன், பிளாக்லி வழியாக மோர்ட்டன்-இன்-மார்ஷை அடையலாம்.

விரைவுத் தொடர்வண்டிகளில் மிதிவண்டிக்கான இடங்கள் மிகக் குறைவு என்பதால் முன்பதிவு செய்வது நல்லது.

பாதுகாப்பு

வெள்ளை வட்டத்தில் கருங்கோடு உள்ள குறிப்பலகை, தேசிய வேக வரம்பைக் குறிக்கும். ஒருவழியாகப் பிரிக்கப்படாத சாலையில் இது மகிழுந்துகளுக்கு மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர். வேறு வரம்பு அறிவிக்கப்படாத வரை, ஒரு மகிழுந்து மட்டுமே செல்லக்கூடிய அகலமுள்ள சந்துச் சாலைக்கும் சட்டப்படி இதே வரம்புதான். அமைதியான சாலை என்பதும் பாதுகாப்பான சாலை என்பதும் ஒன்றல்ல. பிரித்தானிய விபத்துப் புள்ளிவிவரங்களில், மிதிவண்டியோட்டிகளின் உயிரிழப்புகளில் ஊரகச் சாலைகளின் பங்கு, காயங்களில் அவற்றின் பங்கைவிட அதிகம். மோதல்கள் நகரங்களில் மிகுதி. ஆனால் ஊர்ப்புறத்தில் மோதும் வேகம் அதிகம்.

2022 சனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிநூல், மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் மிதிவண்டியை முந்துவோர் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும், வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும் என்றும் கூறுகிறது. இங்குள்ள பல சந்துச் சாலைகளின் அகலத்தில் இந்த இடைவெளியை விடவே இயலாது. பின்தொடரும் வண்டி பொறுத்திருக்க வேண்டும். அல்லது மிதிவண்டியோட்டி ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும்.

வரலாறு

இன்றைய மிதிவண்டியின் முன்னோடியான ரோவர் வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல், இக்குன்றுகளுக்கு வடக்கேயுள்ள கோவென்ட்ரியில் உருவாக்கினார். அண்டை நகரான பர்மிங்காம் மிதிவண்டித் தொழிலில் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் நன்கறியப்பட்ட எர்குலிஸ், பிஎஸ்ஏ ஆகிய பெயர்கள் அந்நகரில் தோன்றியவையே. 1949இல் நிறுவப்பட்ட அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் வழியாக அவை இங்கு வந்தன. 1878இல் தொடங்கப்பட்ட மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம், அபாயமான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நாட்டியது. மகிழுந்துகள் வருமுன்பே நிகழ்ந்தது இது.

1977இல் பிரிஸ்டலில் தோன்றிய சஸ்டிரான்ஸ் அமைப்பு, 1995இல் கிடைத்த தேசியப் பரிசுச்சீட்டு நிதியைக் கொண்டு தேசிய மிதிவண்டி வலையமைப்பை நாடு முழுவதும் விரித்தது. வூஸ்டருக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் இடையில் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி அமைக்கப்பட்ட 442ஆம் எண் வழி அதில் ஒன்று. வலையமைப்பின் நிலையை மதிப்பாய்வு செய்த சஸ்டிரான்ஸ், போக்குவரத்து மிகுந்த சாலைகளின் மேல் செல்லும் பகுதிகள் குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் ஏற்றவையல்ல எனக் கருதி, 2020இல் வலையமைப்பின் ஏறத்தாழக் கால்பங்கை நீக்கியது அல்லது மறுவகைப்படுத்தியது. ஆதலால் பழைய வரைபடத்தில் காணப்படும் எண், சாலையோரத்தில் இப்போது இல்லாமல் இருக்கலாம்.

பயணக் காலம்

மே முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். சூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருக்கும். திசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். இலையுதிர் காலத்தில் வேலிகளை வெட்டிச் சீர்செய்வதால் முட்கள் சாலையில் சிதறிக் கிடக்கும். உதிரி டியூப்பும் காற்றடிக்கும் பம்பும் இன்றிச் செல்லலாகாது. பழுது பார்க்கும் கடைகள் சிற்றூர்களில் கிடையா.