20 வருஷம் கரன்ட் இல்லாத அணை! முல்லைப் பெரியாறு சொல்லித்தரும் 'லைட்டிங்' பாடம்

"அணையில எத்தனை அடி?" தேனி, கம்பம், கூடலூர் பக்கம் டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. காரணம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முல்லைப் பெரியாறு தண்ணீர்தான் ஆதாரம். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என 5 மாவட்டங்களுக்கு அது போகிறது. போகிற வழியில் லோயர் கேம்ப்பில் 168 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையத்தையும் ஓட்டுகிறது.

இவ்வளவு மின்சாரத்துக்குக் காரணமான அந்த அணையில், 2000-லிருந்து 2021 ஜனவரி வரை லைன் கரன்ட் கிடையாது. நம்ப முடிகிறதா?

கரன்ட் ஏன் போனது?

1895-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். பராமரிப்பது தமிழ்நாடு அரசு. காட்டு வழியாக வந்த மின்கம்பியில் சிக்கி ஒரு காட்டு யானை இறந்தது. அதையடுத்து 2000-ல் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு ஜெனரேட்டரையும் சோலார் விளக்கையும் வைத்துத்தான் இரவுகளைச் சமாளித்தார்கள். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் அணை 142 அடியைத் தொட்டபோதும் இதே நிலைமைதான்.

கடைசியில், தமிழ்நாடு சுமார் 1.65 கோடி ரூபாய் செலுத்தியது. கேரள மின் வாரியம் வல்லக்கடவிலிருந்து 5 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு மண்ணுக்கடியில் கேபிள் பதித்தது. 2021 ஜனவரியில் அணைக்கு மறுபடியும் கரன்ட் வந்தது.

ஓர் அணைக்கு லைட் போடுவது இவ்வளவு பெரிய விஷயமா? ஆமாம். அணை, மின் நிலையம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு விளக்கு அமைப்பது தனி இன்ஜினீயரிங்.

முதல் கேள்வி: யார், எதைப் பார்க்கணும்?

எத்தனை வாட் பல்பு வேணும் என்று லைட்டிங் டிசைனர் முதலில் கேட்க மாட்டார். இந்த இடத்தில் நிற்கிற ஆள் எதைப் பார்த்தாக வேண்டும் என்றுதான் கேட்பார். அதற்கு ஏற்ற வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அளவில் கணக்கிடுவார்கள். பௌர்ணமி நிலா வெளிச்சம் கால் லக்ஸ்கூட தேறாது. ஆள் நடக்கும் பாதைக்கு 10, 20 லக்ஸ் போதும். படிக்கும் மேஜைக்கு 300 முதல் 500 வரை வேண்டும். ஆபரேஷன் டேபிளில் அது பல்லாயிரத்தைத் தொடும். எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதற்கு நம் நாட்டில் 2010-ம் ஆண்டின் தேசிய லைட்டிங் விதித்தொகுப்பு வழிகாட்டுகிறது.

கேலரி: கசிவு நீரின் நிறம் முக்கியம்

முல்லைப் பெரியாறு, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் கட்டிய கல் அணை. அதன் உடம்புக்குள் 'கேலரி' எனப்படும் குறுகலான சுரங்க நடைபாதைகள் இருக்கின்றன. கசிவு நீரை அளப்பது இங்கேதான். எந்த அணையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். எவ்வளவு வருகிறது, தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. கலங்கலாக வந்தால் உள்ளிருந்து ஏதோ அரித்துக்கொண்டு வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பழைய சோடியம் விளக்கின் கீழ் தெளிந்த நீர், கலங்கல் நீர் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு 'சிஆர்ஐ' என்று ஓர் அளவு உண்டு. முழு மதிப்பெண் 100. தெருவில் பார்த்த சோடியம் விளக்குக்குச் சுமார் 25. நல்ல எல்இடிக்கு 80-க்கு மேல். கேலரி மாதிரி இடத்துக்கு இரண்டாவது வகைதான் தேவை.

அடுத்தது ஈரம். எந்நேரமும் சொட்டுகிற இடத்தில் வீட்டு பல்பை மாட்ட முடியாது. விளக்கின் மேல் 'ஐ.பி. 65' என்று போட்டிருந்தால், 6 என்பது தூசி புகாது என்பதைக் குறிக்கும். 5 என்பது தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். கையில் தூக்கிப் போகும் விளக்கு 24 வோல்ட் மாதிரி குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவது நல்லது. ஈரக் கையில் 230 வோல்ட் உயிருக்கே ஆபத்து.

மதகு: வெள்ளம் பகல் பார்த்து வராது

உபரிநீர் மதகுகளை நடு ராத்திரியில், கொட்டுகிற மழையில் தூக்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் ஷட்டர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, நீர்மட்ட அளவுகோலில் எத்தனை அடி என்று ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டும். ஃபிளட் லைட்டை அவர் முகத்துக்கு நேராக வைத்தால் கண் கூசி ஒன்றுமே தெரியாது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் கூசும். அதனால் விளக்கைப் பக்கவாட்டில், உயரத்தில் வைப்பார்கள்.

லைன் போனால்? பெரிய இடங்களில் மூன்று அடுக்குப் பாதுகாப்பு இருக்கும். முதலில் லைன் கரன்ட். அது போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் பிக்அப் ஆகும் அந்தச் சில நொடிகளுக்கு பேட்டரி. தவிர, அடுத்தடுத்த விளக்குகளை வேறு வேறு சர்க்யூட்டில் கொடுப்பார்கள். ஒரு சர்க்யூட் அடிபட்டாலும் பாதி விளக்குகள் எரியும்.

லோயர் கேம்ப்: சுற்றுவது நிற்பதுபோல் தெரிந்தால்?

அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு வருகிறது. 1958-ல் உற்பத்தி தொடங்கிய இடம் அது. இப்படி இயந்திரங்கள் சுற்றும் கூடங்களில் வேறொரு ஆபத்து உண்டு.

நம் கரன்ட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால், அந்தத் துடிப்பும் இயந்திரத்தின் வேகமும் ஒத்துப்போனால், சுற்றுகிற தண்டு நிற்பதுபோல் தோன்றும். 'நிக்குதே' என்று நம்பிக் கையை நீட்டினால் கதை முடிந்தது. பழைய காலத்துத் தீர்வு எளிமையானது. பக்கத்துப் பக்கத்து விளக்குகளை மூன்று ஃபேஸ்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்று மங்கும்போது மற்றொன்று பிரகாசமாக இருக்கும். இப்போது துடிப்பில்லாத நல்ல டிரைவர் கொண்ட எல்இடி அந்த வேலையைச் செய்கிறது.

யாருக்கு இருட்டு வேணும்?

அணையைச் சுற்றிக் காடு. யானைக்கும் புலிக்கும் பூச்சிக்கும் இரவு என்றால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பூச்சிகளை அதிகம் இழுக்கும். மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம் குறைவாக இழுக்கும். இதனால் காட்டோரங்களில் விளக்குக்கு மூடி போட்டு ஒளியைக் கீழ்நோக்கி மட்டும் விழச் செய்வது, சென்சார் வைத்து ஆள் வரும்போது மட்டும் எரிய விடுவது எனச் சில நடைமுறைகள் உலகம் முழுக்க உண்டு. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம், 2024-ல் இந்தியாவின் முதல் 'டார்க் ஸ்கை பார்க்' என்ற அங்கீகாரமே வாங்கியது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நிறம் பார்க்கும் கேலரிக்கு வெள்ளை ஒளி வேண்டும். காட்டைப் பார்த்த பாதைக்கு மஞ்சள் ஒளி போதும். மதகுக்குத் தேவைப்படும்போது பளிச்சென்று எரிய வேண்டும், மற்ற நேரம் அணைந்திருக்க வேண்டும். 'ஒரே மாதிரி 100 லைட் வாங்கிப் போடுங்க' என்ற திட்டம் இந்த மாதிரி இடத்தில் செல்லாது.

உங்க இடத்துக்கும் இது பொருந்தும்!

* தோட்டத்து மோட்டார் ரூம், மொட்டைமாடி விளக்குகளில் 'ஐ.பி. 65' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.
* திராட்சை தரம் பிரிக்கும் ஷெட், சமையல் மேடை, டெய்லரிங் மெஷின் இருக்கும் இடங்களில் 'சிஆர்ஐ 80'-க்கு மேல் உள்ள பல்ப் போடுங்க. நிறம் சரியாகத் தெரியும்.
* மாவு மில், ரைஸ் மில், தச்சுப் பட்டறையில் துடிப்பில்லாத எல்இடி அவசியம். போன் கேமராவில் பாருங்க, திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது.
* மேகமலை, குமுளி பக்கம் காட்டோர வீடு, ரிசார்ட் என்றால், மேல்நோக்கி அடிக்கும் ஃபிளட் லைட்டைத் தவிருங்க.

முல்லைப் பெரியாறில் விளக்கு எரிய 20 வருஷம் பிடித்ததற்குக் காரணம் பல்ப் இல்லாமல் இல்லை. யானையைக் கொல்லாத ஒரு வழியில் கரன்ட்டைக் கொண்டுவர அவ்வளவு காலம் ஆனது. கீழே இருக்கும் இடுக்கி மக்களின் பாதுகாப்பு, இந்தப் பக்கம் 5 மாவட்டங்களின் தண்ணீர் இரண்டுமே அந்த அணையின் கேலரிக்குள் ஒருவர் கசிவு நீரைச் சரியாகப் பார்ப்பதைப் பொறுத்திருக்கிறது.