தாடையெலும்பைத் துளையிடுகையில் எழும் உஷ்ணம்

இழந்த பல்லின் ஸ்தானத்தில் டைட்டேனியத் திருகொன்றைத் தாடையெலும்பில் பதித்து அதன்மேல் செயற்கைப் பல்லை நிறுத்தும் இம்ப்ளாண்ட் சிகிச்சை, ஸ்வீடன் தேசத்து பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு அதைச் செய்த நாள்தொட்டு, உயிருள்ள எலும்பு உலோகத்தை நேராகத் தழுவி வளரும் என்ற ஓர் ஆதாரத்தின் மீதே நிற்கிறது. துளையிடும்போதே துளையின் சுவர் வெந்து மாண்டுபோனால், எலும்பு வளரவேண்டிய இடத்தில் நார்த்திசு படர்ந்து, திருகு பிடிப்பின்றி ஆடத் தொடங்கிவிடும். இதைத் தவிர்க்க மாணாக்கர்களுக்குப் பொதுவாகப் போதிக்கப்படுபவை இரண்டு: எலும்பின் உஷ்ணம் 47 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாது, துளைக்கருவியை மெதுவாகச் சுழற்ற வேண்டும். இவ்விரண்டும் பொய்யல்ல; ஆயினும் இவற்றை மட்டும் மனப்பாடமாகப் பற்றிக்கொள்வது, காலம் என்னும் பிரதான காரணத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

47 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே இது தெளியும். எரிக்ஸன், ஆல்பிரெக்ட்ஸன் என்ற ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர், முயலின் கீழ்க்கால் எலும்பில் ஒளி ஊடுருவும் சிற்றறையொன்றைப் பொருத்தி, உயிரோடிருக்கும் எலும்பைச் சூடேற்றியபின் அதில் நேரும் மாறுதல்களை நாள்தோறும் நுண்பெருக்கியின் வழியே கவனித்து, 1983-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 50 டிகிரியில் ஒரு நிமிஷமோ, 47 டிகிரியில் ஐந்து நிமிஷமோ சூடுபட்ட எலும்பு கரைந்து, அவ்விடத்தில் கொழுப்பணுக்கள் வந்து நிறைந்தன. 47 டிகிரியில் ஒரே நிமிஷம் சூடுபட்டபோதோ, சேதம் சொற்பமாகவும் ஒருபடித்தாக இல்லாமலும் இருந்தது. ஆகவே அவர்கள் கண்டது உஷ்ணமும் காலமும் சேர்ந்த ஓர் எல்லையே. பிற்காலத்துப் போதனை அதில் காலத்தை உதிர்த்துவிட்டு எண்ணை மாத்திரம் வைத்துக்கொண்டது. தோலைப் பற்றி மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் 1947-லேயே இதே உண்மையைக் காட்டியிருந்தனர்: 44 டிகிரிக்கு மேல் 51 வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும், தீப்புண் உண்டாவதற்கு வேண்டிய காலம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

இனி, மெதுவாகச் சுழற்றுவது பற்றி. தொடையெலும்பை வைத்து மாத்யூஸும் ஹிர்ஷும் 1972-இல் செய்த பரீட்சையில், உஷ்ணத்தின் அளவையும் அது நீடிக்கும் காலத்தையும் தீர்மானிப்பதில் சுழற்சி வேகத்தைவிட அழுத்தும் விசையே வலியதென்றும், விசை கூடக்கூட இரண்டுமே குறைகின்றன என்றும் தெரியவந்தது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது விபரீதமாகத் தோன்றும். ஆனால் மழுங்கிய அரிவாள்மணை காயை நறுக்காமல் நசுக்குவதுபோல, போதிய விசையின்றி மெள்ளச் சுழலும் கருவி எலும்பை வெட்டாமல் உரசிக்கொண்டே நிற்கிறது. எலும்போ உஷ்ணத்தை எளிதில் கடத்தாத பொருளாதலின், உரசிய சூடெல்லாம் துளையின் சுவரிலேயே தங்கிவிடுகிறது. மெதுவாகச் சுழற்றுவது பத்திரம் என்று நம்பி நெடுநேரம் துளையிடுபவர் தம்மையறியாமலேயே தீங்கை நீட்டிக்கிறார். இதைக் கொண்டு எவரும் கீழ்த்தாடையில் கருவியை வலிந்து அழுத்தலாகாது. அங்கே நரம்புக் கால்வாய் அண்மையில் இருக்கிறது. விசைக்கு ஓர் எல்லை உண்டாதலின், கருவியின் கூர்மைதான் நமக்கு மெய்யான துணை.

கீழ்த்தாடையின் முன்பகுதியில் எலும்பு மிகக் கெட்டியானது. அங்கே கருவி ஆழம் இறங்க இறங்க, அதன் திருகுபள்ளங்களில் எலும்புத்தூள் ஈரமாவுபோல் அடைத்துக்கொள்கிறது. அடைபட்டபின் வெளியிலிருந்து பீய்ச்சும் உப்புநீர் வாயிலிலேயே வழிந்துபோகிறது. அடியிலோ உலர்ந்த உராய்வு நடக்கிறது. கருவியை அடிக்கடி மேலே இழுத்துத் தூளை உதறி, நீர் அடிவரை புக வழிவிடுவது ஒன்றே இதற்குப் பரிகாரம். துளையின் திசையைக் காட்டப் பல்வரிசைமேல் பொருத்தும் பிளாஸ்டிக் வழிகாட்டி அந்நீருக்கே தடையாக நிற்கக்கூடுமாதலால், அதைப் பயன்படுத்துவோர் இன்னும் அதிக விழிப்போடு இருக்கவேண்டும். இடம் மரத்துப்போயிருக்கும் நோயாளிக்கோ சூடு தெரியாது. வைத்தியரின் விரலுக்கும் தெரியாது. திருகு ஆடும்போதுதான், அதுவும் பல வாரங்கள் கழித்து, விளைவு வெளிப்படுகிறது.

ஆதலால் பாடப்புத்தகங்கள் 47 டிகிரியைச் சொல்லுமிடத்தில் ஒரு நிமிஷம் என்ற காலத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். வைத்தியசாலைகளோ ஒவ்வொரு துளைக்கருவியும் எத்தனை எலும்புகளைத் துளைத்தது என்ற கணக்கைத் தவறாமல் எழுதிவைத்து, முனை மழுங்கியதை, விலையைப் பாராமல், உடனே விலக்கவேண்டும்.